பூனையை வேறு வைத்த கதை

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் நேற்றுப் பிற்பகல் வந்தது. தபால்காரர் கையிலிருந்து வாங்கியதும் நிலைக்கதவில் சாய்ந்துகொண்டே படித்தேன். படித்து முடிப்பதற்குள் அடுப்பில் இருந்த பருப்பு அடிபிடித்துவிட்டது. நீ பிறந்ததிலிருந்து உன்னால் எத்தனை பருப்பைத் தீய்த்திருப்பேன் என்று யாருக்குத் தெரியும், அது கிடக்கட்டும். தை பிறந்ததும் உன்னையும் மாப்பிள்ளையையும் வேறு வைக்கப்போகிறார்கள் என்று எழுதியிருக்கிறாய். மாசியில் மாப்பிள்ளை சிங்கப்பூருக்குப் போய்விடுவார், அதற்குப் பிறகு அவ்வளவு பெரிய வீட்டில் ஒருத்திக்காக அடுப்பை மூட்டி, ஒருத்தியாக உட்கார்ந்து சாப்பிட என்னால் ஆகாது, நீங்கள் புறப்பட்டு வந்து மாமியாரிடம் பேசி இதை நிறுத்துங்கள், முடியாவிட்டால் என்னை அழைத்துக்கொண்டு போய்விடுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். கண்ணீர் பட்டு மை கலைந்த இடத்தையும் பார்த்தேன். அதைப் பார்த்தபிறகு பெற்றவளுக்குக் கால் தரையில் நிற்குமா? உங்கள் தேவகோட்டைக்குப் பஸ் எப்போது என்று கேட்டுவர ஆள்கூட அனுப்பிவிட்டேன். பிறகு நானே அந்த ஆளைத் திருப்பிக் கூப்பிட்டேன். நான் வரப்போவதில்லை ஆத்தா. கோபித்துக்கொள்ளாமல் இதை முழுக்கப் படி. நீளமாகத்தான் எழுதப்போகிறேன், ஒரு பூனையின் வயிற்றைப் பற்றி.

மதுரையில் உன்னோடு படித்த பெண்கள் நம் வழக்கத்தைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று ஒருமுறை சொன்னாய். "ஒரே கூரைக்குக் கீழே நாலு அடுப்பா?" என்றார்களாம். சிரிக்கட்டும். கல்யாணமான மகனை நாம் வீட்டை விட்டு அனுப்புவதில்லை. அதே வீட்டில், அதே வளவை, அதாவது நடுமுற்றத்தைச் சுற்றி ஓர் அறையைக் கொடுத்து, பாத்திரம் பண்டமும் அரிசி பருப்பும் கொடுத்து, பின்கட்டில் தனி அடுப்பும் போட்டுக் கொடுத்து, இனி உங்கள் சாப்பாடு உங்கள் பாடு என்று சொல்லிவிடுகிறோம். புருஷன் ஊரில் இருந்தாலும் கடல் கடந்து போனாலும் அந்த அடுப்பு எரிந்தாக வேண்டும். என்னை வேறு வைத்த வருடமே என் வீட்டுக்காரர், உன் அப்பச்சி, பினாங்குக்குப் போய்விட்டார்கள். ஆகையால் நீ எழுதியிருப்பதை எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஒருத்திக்கு அரிசி களைந்து போடுவது எவ்வளவு பெரிய வித்தை என்று அந்த வருடம்தான் எனக்குத் தெரிந்தது. எவ்வளவு குறைத்துப் போட்டாலும் மிஞ்சும். மிஞ்சியதில் தண்ணீர் ஊற்றி மறுநாள் நானே குடிப்பேன். அதிலும் மிஞ்சும்.

அப்போது நம் வீட்டில் நாலு அடுப்புகள். என் மாமியாருடையது, அதாவது உன் அப்பத்தாவுடையது ஒன்று. மூத்த ஓரகத்தி வள்ளியம்மை ஆச்சியுடையது ஒன்று. நடு ஓரகத்தி உமையாள் ஆச்சியுடையது ஒன்று. கடைக்குட்டி மருமகள் என்னுடையது ஒன்று. என் கையில் பாத்திரங்களைக் கொடுத்த அன்று மாமியார் ஒரே ஒரு புத்திதான் சொன்னார்கள். "அடுத்த அடுப்புல என்ன கொதிக்குதுன்டு எட்டிப் பாக்கப்படாது. கேக்கவும் படாது. கேட்டா, குடுக்கணும்னு ஆயிரும். குடுத்தா, திருப்பிக் குடுக்கணும்னு ஆயிரும். அங்குட்டுதான் சண்டையே ஆரம்பிக்கும்." அந்தப் புத்தியை அந்த வீட்டில் எல்லோரும் அப்படியே காப்பாற்றினார்கள். பின்கட்டில் நாலு பேரும் முதுகோடு முதுகு திருப்பிக்கொண்டு சமைப்போம். வாசனையை வைத்து யார் என்ன வைக்கிறார்கள் என்று மூக்குக்குத் தெரியும், வாய் மட்டும் கேட்காது. சண்டை வரவில்லைதான். ஆனால் "சாப்பிட்டியா" என்று கேட்கவும் ஆள் இல்லாமல் போயிற்று. நீ உன் கடிதத்தில் எழுதியிருக்கிறாயே, "எல்லோரும் இருக்கிறார்கள், யாரும் இல்லை" என்று, அந்த வரி என்னுடையது. நான் எழுதாமல் விட்டதை நீ எழுதியிருக்கிறாய்.

பொட்டுவை உனக்கு நினைவிருக்கும். நெற்றியில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்ததால் நான் வைத்த பெயர். உனக்கு விவரம் தெரியும்போது அது கிழப்பூனை. கொல்லைப்புறத்தில், விளிம்பு உடைந்த, தரையில் பதிக்கிற ஓர் ஆத்தங்குடிப் பூக்கல்லில் மீன் வைத்தால்தான் தின்னும். விசேஷத்துக்கு வந்த விருந்தாளி யாராவது இலையிலிருந்து ஒரு துண்டை அதற்குப் போடப்போனால், பாவாடையை இழுத்துக்கொண்டு நீ ஓடிப்போய்க் கத்துவாய்: "போடாதீக, போடாதீக! அது வேறு வச்ச பூனை!" பந்தி முழுக்கச் சிரிக்கும். ஏன் அப்படி என்று நீ கேட்டதில்லை. பிள்ளைகளுக்கு வீட்டில் இருப்பதெல்லாம் அப்படித்தான் இருக்கவேண்டியது போலத் தெரியும். இப்போது சொல்கிறேன்.

அது என் அடுப்படிக்கு வந்தபோது குட்டிப் பருவம் தாண்டாத பூனை. எலும்பின் மேல் ஈரத் துணியைப் போர்த்திய மாதிரி இருந்தது. மிஞ்சிய சோற்றில் பாலை ஊற்றிப் பிசைந்து வைத்தேன். பூனைக்குப் பால்தானே? தின்றுவிட்டு என் காலடியில் சுருண்டு உட்கார்ந்தது. நான் சாப்பிடும்போது எதிரே ஓர் உயிர் உட்கார்ந்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். மறுநாளும் வந்தது, அடுத்த நாளும் வந்தது. இந்த வீட்டில் எனக்கென்று ஒன்று கிடைத்துவிட்டது என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பினாங்குக்கு எழுதிய கடிதத்தில் பாதிப் பக்கம் பொட்டுதான். உன் அப்பச்சி பதிலில் பொட்டுவை முதலில் நலம் விசாரித்துவிட்டு என்னை இரண்டாவதாக விசாரித்திருந்தார்கள்.

ஆனால் அதன் வயிறு நிற்கவே இல்லை. தண்ணீராகப் போகும். தின்றதைக் கக்கும். இரண்டு நாள் தேறும், மறுபடி போகும். மடியில் தூக்கி வைத்து வயிற்றில் கை வைத்தால் உள்ளே குடுகுடுவென்று ஓடுவது என் உள்ளங்கையில் தெரியும். வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுத்தேன், ஓமத்தண்ணீர் கொடுத்தேன். வசம்பைக் கண்டதும் அது ஓடி விறகுக் கட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. தெம்பு வரட்டும் என்று இன்னும் கொஞ்சம் பால் ஊற்றினேன். எல்லோரும் நடமாடும் பின்கட்டில் அது அசுத்தம் செய்துவிட்டுப் போவதை, யாரும் பார்ப்பதற்கு முன் சாம்பல் போட்டு அள்ளி, தண்ணீர் விட்டுக் கழுவிவிடுவேன். சனியனைத் துரத்து என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

கடைசியில் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பிரம்புக் கூடையில் அதை வைத்துத் துணியால் மூடி, மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே கன்று ஈனமுடியாத பசு ஒன்றும் கொம்பு ஒடிந்த கிடா ஒன்றும் காத்திருந்தன. கூடையைத் திறந்ததும் பசுக்காரர் என்னை மேலும் கீழுமாகப் பார்த்தார். டாக்டர் வெளியூர்க்காரர், சின்ன வயசு. முதலில் சிரித்துவிட்டுப் பிறகு அதன் ஈறைத் தூக்கிப் பார்த்தார், தோலைக் கிள்ளிப் பார்த்தார், சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"என்னம்மா கொடுக்கறீங்க?"

"பாலுஞ் சோறும்."

"பாலை நிறுத்துங்க. நிறையப் பூனைக்குப் பால் ஒத்துக்கறதில்ல. மீனை வெறும் தண்ணியில வேகவைங்க. உப்பு, புளி, மிளகா எதுவும் வேண்டாம். முள்ளை எடுத்துட்டுக் கொஞ்சம் கொஞ்சமா வைங்க. கொஞ்ச நாளைக்கு அது ஒண்ணுதான். வேற எதுவும் வாயில படக்கூடாது. வேற எங்கயாவது சாப்பிடுதா?"

"இல்லீக. எங்கிட்ட மட்டுந்தான்."

"நல்லாத் தெரியுமா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்டுல ஒரு அடுப்புச் சாப்பாடு இன்னொரு அடுப்புக்குப் போகாதுங்க" என்றேன்.

எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் தெரியுமா! அந்தப் பதிலை நம் பக்கத்துப் பெண்பிள்ளையைத் தவிர வேறு யாரும் சொல்லியிருக்க முடியாது. டாக்டரும் நம்பிவிட்டார், பாவம்.

சொன்னபடியே செய்தேன். மீன்காரியிடம் தனியாக வாங்கி, உப்பில்லாமல் வேகவைத்து, விளக்கு வெளிச்சத்தில் நூல் கோப்பதைப் போல முள் எடுத்து வைத்தேன். வெள்ளிக்கிழமை நம் வீட்டில் மீன் சட்டி ஏறாது என்பதால் அன்றைக்கு மட்டும் தயிர்ச் சோறு. பூனை தேறவில்லை. தேறாததோடு, வர வர என் மீனை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். விலா எண்ணிவிடலாம் போலத் தெரிந்தது. ஒரு நாள் பகல் முழுக்கக் காணவில்லை. தேடிப் பார்த்தால் விறகு அடுக்குக்குப் பின்னால், இருட்டில், கண் மூடாமல் படுத்திருந்தது. கூப்பிட்டால் வாலின் நுனி மட்டும் அசைந்தது. அதை அப்படியே அள்ளி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு, "நீயும் போயிட்டா நான் யாரோட உக்காந்து திங்கிறது?" என்று வாய்விட்டே கேட்டேன். பூனையிடம் கேட்கிற கேள்விதானா இது என்று இப்போது தோன்றுகிறது. அப்போது கேட்க வேறு யாரும் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அது மாசியோ பங்குனியோ, புளி உடைக்கிற காலம். எல்லாம் தனித்தனியாக இருந்தாலும் தோப்புப் புளி மட்டும் பொது. உடைத்துக் கொட்டை எடுத்த பிறகுதான் பங்கு. அதனால் நாலு பேரும் வளவில் ஒன்றாக உட்கார்ந்திருந்தோம். பேச்சில்லை, சுத்தியல் சத்தம்தான். பொட்டு தள்ளாடிக்கொண்டே நடுவில் வந்து நின்றது. முதுகை வளைத்தது. பளபளவென்று துடைத்திருந்த தரையில், எங்கள் நாலு பேருக்கும் நட்ட நடுவே, வயிற்றில் இருந்ததையெல்லாம் கக்கியது. நான் துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். குனிந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். ஓரத்தில் என்னுடைய உப்பில்லாத மீன் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பாதி மென்ற வெள்ளைப் பணியாரம். ஓர் இறால், வாலோடு. இவை எல்லாவற்றையும் சுற்றி, திரிந்துபோன பால். நாலு அடுப்பும் அன்றைக்கு என்ன சமைத்தது என்பதை, யாரும் யாரையும் கேட்கக்கூடாத அந்த வீட்டில், ஒரு பூனை தரையில் பரப்பி வைத்துவிட்டது.

எனக்கு வந்த கோபத்தில் கடைசி மருமகள் என்பதே மறந்துபோயிற்று. "எல்லாருமாச் சேந்து இதைக் கொன்டுருவீக போலருக்கே!" என்று கத்தினேன். வளவில் அப்படி ஒரு குரலை யாரும் எழுப்பியதில்லை. சுத்தியல்கள் நின்றன.

வள்ளியம்மை ஆச்சிதான் முதலில் வாய் திறந்தார்கள். "பணியாரம் நாந்தான் போட்டேன். மகளைக் கட்டிக் குடுத்ததுலருந்து காலையில சுட்டா திங்க ஆளில்ல. சின்னவ வந்து கால உரசுவா. எலும்புந் தோலுமா இருக்காளேன்டு மனசு கேக்கல."

"சின்னவளா? யாரது?" என்றேன்.

"இதுதான். நாங் கூப்புடுறது."

"நான் மைனான்டுல்ல கூப்புடுறேன்!" என்றார்கள் உமையாள் ஆச்சி. பிறகு குரல் இறங்கிவிட்டது. உமையாள் ஆச்சிக்குப் பிள்ளை இல்லை என்பது உனக்குத் தெரியும். "வகுறு சரியில்லாததுன்டு எனக்குத் தெரியும் தங்கச்சி. அதுனாலதான் இறாலக் கழுவிக் கழுவிப் போட்டேன். அசிங்கம் பண்ணுறதையும் ஒனக்குத் தெரியாம நான் அள்ளிப் போட்டுருக்கேன். நீ பாத்தா வெரட்டிருவியோன்டு பயம்."

நான் யாருக்குப் பயந்து அள்ளிக்கொண்டிருந்தேனோ அவர்கள் எனக்குப் பயந்து அள்ளிக்கொண்டிருந்திருக்கிறார்கள். "அப்ப பாலு யாரு ஊத்துனது?" என்று கேட்டேன். மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாமியார் புளியம்பழ ஓட்டைத் தட்டிவிட்டு மெதுவாக எழுந்தார்கள். "நாந்தேன்" என்றார்கள். அவர்களுக்கு வயிற்றுப் புண். வேளாவேளைக்குப் பால் குடிக்கச் சொல்லி வைத்தியர் கட்டளை. அந்தப் பாலைத் தான் குடிக்காமல், தூணுக்குப் பின்னால் நின்று இதற்கு ஊற்றி வந்திருக்கிறார்கள். "எனக்கென்ன, ஆண்டு அனுபவிச்ச கட்டை. இது பச்சப் புள்ளையில்ல?"

மகளே, இதை எப்படி உனக்குச் சொல்வேன்! நான் அந்தத் தரையைப் பார்த்தேன். புளி ஒட்டிய கைகளோடு திருடு பிடிபட்டவர்கள் போல நின்ற மூன்று பேரையும் பார்த்தேன். என் கோபம் எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இவ்வளவும் இந்த வீட்டில்தான் இருந்ததா? என் முதுகுக்குப் பின்னாலேயே, ஒவ்வொரு அடுப்படியிலும், ஆளுக்கொரு பெயர் வைத்து, ஆளுக்கொரு பயத்தோடு? யாருமே இல்லாத வீடு என்று நான் அழுதுகொண்டிருந்த வீடு இது. கோயிலில் திரை விலகும்போது ஒரு கணம் மூச்சு நிற்குமே, அப்படி நின்றேன். அந்தப் பூனை அன்பு இல்லாமல் சாகவில்லை, ஒருவருக்கொருவர் சொல்லாமல் கொடுத்த அன்பினால்தான் செத்துக்கொண்டிருந்தது.

டாக்டர் சொன்னதை எல்லோருக்கும் சொன்னேன். மாமியார் முழுக்கக் கேட்டுக்கொண்டார்கள். "நாலு அடுப்புல தின்டா மனுசனுக்கே வகுறு நிக்காது. இதையும் வேறு வச்சிருவம்" என்றார்கள்.

"பூனையவா?" என்று உமையாள் ஆச்சி சிரித்துவிட்டார்கள்.

"ஏன், அதுக்கு வகுறு இல்லையா?"

மாமியார் விளையாட்டாகச் சொல்கிறவர்கள் இல்லை. பஞ்சாங்கம் பார்த்தார்கள். கொல்லைப்புறத்தில் செங்கல் கூட்டி ஒரு குட்டி அடுப்புப் போட்டு, அதைச் சுற்றிக் கோலமும் போட்டார்கள். தரை பதித்தபோது விளிம்பு உடைந்து மிச்சமாகிப்போன பூக்கல் ஒன்று மூலையில் கிடந்தது. அது தட்டு. சின்ன மண்சட்டி ஒன்று, தண்ணீருக்குக் கிண்ணம் ஒன்று. எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளப் பூனைக்குக் கை இல்லாததால் என் கையில் கொடுத்து, "இன்னேலருந்து இது தனிப் புள்ளி" என்றார்கள். கல்யாணமாகித் தனிக் குடும்பமான பிறகுதான் நம்மில் ஒரு புள்ளி என்று கணக்கு. பொட்டு கல்யாணம் செய்துகொள்ளாமலே புள்ளி ஆயிற்று. வெள்ளிக்கிழமை வந்தபோது வள்ளியம்மை ஆச்சி தயங்கித் தயங்கிக் கேட்டார்கள், "அயித்தை, வெள்ளிக்கெழமையும் அதுவுமா மீனா?" மாமியார் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது வேறு வச்ச அடுப்பு. அதுல என்ன கொதிக்குதுன்டு கேக்க நீ யாரு, நான் யாரு?" என்றார்கள்.

கொடுப்பது எளிது மகளே. கொடுக்காமல் இருப்பதைத்தான் அந்த நாட்களில் பார்த்து மலைத்துப்போனேன். தன்னை வேறு வைத்தது பூனைக்குத் தெரியுமா? வழக்கம்போல ஒவ்வொரு அடுப்படியாகப் போய் உட்கார்ந்து முகத்தைத் தூக்கிப் பார்த்துக் கத்தும். வள்ளியம்மை ஆச்சி சுவரைப் பார்த்துக்கொண்டு பணியாரம் சுடுவார்கள். உமையாள் ஆச்சி இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, "போ மைனா, போயிரு, எங் கையப் பாக்காத" என்று கெஞ்சுவார்கள். மாமியாருக்கு அந்தப் பாலைத் தானே குடிப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போயிற்று. அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு, மருந்து குடிப்பது போலக் குடிப்பார்கள். அதில் அவர்கள் வயிற்று வலி குறைந்துபோனது தனிக் கதை.

அதோடு இன்னொன்று நடந்தது. கொடுக்க முடியாதவர்களுக்குக் கேட்கவாவது வேண்டுமே? உமையாள் ஆச்சி முதல் நாளே என் அடுப்படிக்கு வந்துவிட்டார்கள். "இன்னைக்கு என்ன வச்ச அதுக்கு? தின்டுச்சா? கக்கலையே?" மாலையில் வள்ளியம்மை ஆச்சி வந்து அதையே கேட்டார்கள். "என்ன வச்ச" என்று ஒருவரை ஒருவர் கேட்கக்கூடாத வீட்டில், நாள் முழுக்க அந்தக் கேள்வியாகத்தான் இருந்தது. இப்படியே போய்க்கொண்டிருக்க, ஒரு நாள் உமையாள் ஆச்சி பூனையின் சட்டியைப் பார்த்துவிட்டு, அப்படியே என் சட்டியையும் பார்த்து, "சரி, ஒனக்கு என்ன வச்ச?" என்று கேட்டார்கள். நான் வெறும் ரசம்தான் வைத்திருந்தேன். சொல்ல வாயைத் திறந்தேன், வார்த்தைக்குப் பதில் அழுகை வந்தது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் இரண்டு அடுப்புச் சாப்பாட்டையும் நடுவில் வைத்துச் சாப்பிட்டோம். மாமியார் அந்தப் பக்கமாக வந்தார்கள், பார்த்தார்கள், பார்க்காதது போலப் போய்விட்டார்கள்.

பிறகு ஒரு நாள் காலையில் கொல்லையிலிருந்து உமையாள் ஆச்சியின் கூப்பாடு. "எல்லாரும் ஓடியாங்க! ஓடியாங்க!" பாம்போ என்று பதறி ஓடினோம். பாம்பு இல்லை. மணலில், பொட்டு தோண்டி மூடாமல் விட்டுப்போன இடத்தில், கெட்டியாக, ஒழுங்காக, நல்ல பூனை போகிற மாதிரி போயிருந்தது. வைரத்தோடு போட்ட பெரிய வீட்டு ஆச்சிமார் சுற்றி நின்று அதைப் புதுநகை பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து குனிந்து பார்த்தார்கள். "மகமாயி!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நீ சிரிப்பாய். சிரி. ஆனால் ஓர் உயிர் தன்னைத் தானே மறுபடி கட்டிக்கொள்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்குத்தான் அது எப்பேர்ப்பட்ட காட்சி என்று தெரியும். நாங்கள் எதையும் செய்துவிடவில்லை. வேண்டாததை நிறுத்தினோம், காத்திருந்தோம், அவ்வளவுதான். மீதியை அந்தக் கைப்பிடி அளவு வயிறு தானாகவே செய்துகொண்டது. பல வருடம் கழித்து உன்னை வயிற்றில் சுமந்தபோதும் எனக்கு அதே ஆச்சரியம்தான் திரும்ப வந்தது.

அதற்காக அது ஒரேயடியாகக் குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதே. அந்த வயிறு கடைசிவரை அப்படித்தான். மீன் வகை மாறினால் போகும், மழைக்காலத்தில் போகும், நீ குழந்தையாக இருந்தபோது ஆசையாக ஒரு முறுக்கைக் கொடுத்தாய், ஒரு வாரத்துக்கு வயிறு போயிற்று. ஒவ்வொரு தடவையும் பழையபடி முதலிலிருந்து தொடங்குவோம். கொஞ்சமாக வை, ஒன்றையே வை, தண்ணீர் குடிக்கிறதா பார், மணலைப் பார். சலிக்கவில்லையா என்று கேட்டால், சலித்தது. திட்டிக்கொண்டேதான் முள் எடுத்திருக்கிறேன். சலித்தாலும் மறுநாளும் உலை வைத்தோம்.

இனி, பொட்டு போன அன்றைக்கு நீ பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கேட்ட அந்தக் கேள்விக்கு வருகிறேன். பொட்டுவுக்கு மிகவும் வயதாகிவிட்டது. மீன் வேண்டாம் என்று இரண்டு நாளாக முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை, தொந்தரவு செய்யாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். கொல்லை வெயிலில் கோணியை விரித்துப் படுக்கவைத்து, பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மாமியார் தடியை ஊன்றிக்கொண்டு வந்தார்கள். அந்த வீட்டுக்கே பெரியவர்கள், கடைக்குட்டி மருமகளான என் முன்னால் நின்று, "இன்னைக்காச்சும் குடுக்கலாமா ஆத்தா?" என்று கேட்டார்கள். அது என் பொறுப்பில் விட்ட அடுப்பு. என்னைக் கேட்காமல் அத்தனை வருடமும் ஒரு சொட்டு ஊற்றியதில்லை. சரி என்று தலையை ஆட்டினேன். மாமியார் பாலைக் காய்ச்சி, ஆற்றி, தன்னுடைய பழைய கிண்ணத்தில் கொண்டுவந்தார்கள். சொல்லி அனுப்பாமலே வள்ளியம்மை ஆச்சி ஒரு வெள்ளைப் பணியாரத்தைப் பிட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். உமையாள் ஆச்சி இறாலை வாங்கி வரச் செய்து, கழுவிக் கழுவி வேகவைத்துக்கொண்டு வந்தார்கள். அத்தனை வருடமும் முந்தானைக்குள் சுருட்டி வைத்திருந்த கைகள் அன்றைக்குத்தான் வெளியே வந்தன. அது பாலில் இரண்டு நக்கு நக்கியது. பணியாரத்தை மூக்கால் தொட்டது. உமையாள் ஆச்சியின் உள்ளங்கையில் முகவாயை வைத்துக்கொண்டு, அப்படியே கண்ணை மூடிக்கொண்டது. நீ பையைக் கழற்றாமல் கொல்லைக்கு ஓடிவந்தாய். கல்லில் இருந்ததைப் பார்த்துவிட்டு, "ஆத்தா, வேறு வச்ச பூனைக்கு யாரு பணியாரம் போட்டது?" என்று கேட்டாய். அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கடிதம்தான் பதில்.

இப்போது உன் விஷயத்துக்கு வருவோம். உன் மாமியார் பேசுவதில்லை, ஓரகத்திகள் முதுகைத் திருப்பிக்கொண்டு சமைக்கிறார்கள் என்கிறாய். இருக்கலாம். எல்லோரும் என் ஓரகத்திகளைப் போல இருப்பார்கள் என்று சத்தியம் செய்ய மாட்டேன், உலகம் அப்படி இல்லை. ஆனால் பார்க்காமலே முடிவு கட்டாதே. தையில் உன் கையில் பாத்திரத்தைக் கொடுக்கும்போது வாங்கிக்கொள். உன் அடுப்பு எரியட்டும். மறுநாள் காலையில் பக்கத்து அடுப்படிக்குப் போய் வெட்கத்தை விட்டு, "என்ன வச்சீக ஆச்சி?" என்று நீயே முதலில் கேட்டுவிடு. முறையில்லை என்று உன் மாமியார் முகம் சுளித்தால், காரைக்குடியில் எங்கள் வீட்டில் அப்படித்தான் என்று என் தலையில் போட்டுவிடு. உனக்கு எது ஒத்துக்கொள்ளாது என்பதையும் வாய்விட்டுச் சொல். நீ சொல்லாவிட்டால் எல்லோரும் பிரியமாகவே உனக்கு ஒத்துக்கொள்ளாததைக் கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

இதையெல்லாம் எழுதிவிட்டேனே தவிர, இந்தப் பக்கம் நான் இருக்கிற இருப்பை நீ பார்க்கவேண்டும். உன் கடிதத்தைப் படித்த கையோடு மாவுருண்டை பிடித்துவிட்டேன். நெய்யும் நிறைய விட்டேன், உனக்குப் பிடிக்குமே என்று. டின்னில் அடைத்து, துணியும் கட்டி, தேவகோட்டைக்குப் போகிற ஆளையும் நிறுத்தி வைத்த பிறகுதான் உமையாள் ஆச்சியின் கைகள் நினைவுக்கு வந்தன. ஆளை வெறுங்கையோடு அனுப்பிவிட்டு டின்னை அலமாரியில் வைத்துவிட்டேன். புது அடுப்புக்கு முதலில் உன் கைப்பக்குவம் பிடிபட வேண்டும், என்னுடையது நடுவில் வந்து விழக்கூடாது. நீ கேட்காமல் இனி இங்கிருந்து எதுவும் வராது, நானும் வரமாட்டேன். கேட்டால், அன்றைய முதல் பஸ்ஸில் ஏறிவிடுவேன். இப்போதும் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டுதான் அந்த அலமாரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறேன்.

கேட்பதானால் சீக்கிரம் கேள் ஆத்தா. நாளானால் நெய் காறிப்போகும்.

உன் ஆத்தா